மாடு உரசிய தூண்

எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவில் ஒரு மரத்தூண் நிற்கிறது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் அதன் விளிம்புகள் மழுங்கி, பலர் ஏறி இறங்கிய கல்படி போலத் தேய்ந்து, வழுவழுவென்று இருக்கின்றன. அதற்குக் கீழும் மேலும் மரம் சொரசொரப்புதான். வாய்ச்சியால் செதுக்கிய தடங்கள் மீன்செதில் போல வரிசையாகத் தெரிகின்றன. இடையில் ஒரு முழ அளவுக்கு மட்டும் இந்தப் பளபளப்பு. யாரும் இழைப்புளி போட்டதில்லை, எண்ணெய் பூசியதில்லை. அந்தத் தூணருகே கட்டிக்கிடந்த மாடுகள் கழுத்தையும் விலாவையும் தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியது அது. வீட்டுக்கு வருகிறவர்கள், யாரும் சொல்லாமலே, முதலில் அந்த இடத்தில்தான் கை வைக்கிறார்கள். குழந்தைகள் முதுகைச் சாய்த்து நிற்கிறார்கள். அலங்காரம் என்று எதையாவது சொல்லச் சொன்னால், இந்த வீட்டில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தூண்தான்.

நாங்கள் குடியிருப்பது பழைய பண்ணைக் கொட்டகை ஒன்றில். களஞ்சியம் என்றால் தானியம் வைக்கும் இடம், தொழுவம் என்றால் மாடு கட்டும் இடம் என்று நமக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. இந்தக் கட்டடம் இரண்டும் சேர்ந்தது. ஒரு பக்கம் கதிர்க்கட்டுகள் அடுக்கி வைத்திருந்தார்கள், மறு பக்கம் மாடுகள் நின்றன, நடுவில் போரடிக்கும் களம். மழையும் பனியும் உள்ள நாடுகளில் களத்தைத் திறந்தவெளியில் வைத்திருக்க முடியாது. அதனால் களத்துக்கே கூரை போட்டு, அதைச் சுற்றி ஒரு பெரிய கட்டடத்தை எழுப்பிக்கொண்டார்கள். அதை வாங்கி வீடாக்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஏழு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி, எதைச் சேர்ப்பது என்பதைப் பற்றியதாக இல்லை. எதைத் தொடாமல் விடுவது என்பதைப் பற்றியது.

முதல் ஆண்டில் நான் நிறைய வாங்கினேன். கொட்டகை வீடு என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று பத்திரிகைப் படங்கள் சொல்லிக்கொடுத்த பொருள்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. வண்டிச் சக்கரத்தை மேலே தொங்கவிட்டுச் செய்த விளக்கு, துத்தநாகப் பூச்சுள்ள வாளிகள், பழையதுபோல் தோன்றும்படி ஆலையிலேயே சாயம் உரித்து விற்கப்படும் பலகைகள், சாக்குத்துணியில் தைத்த தலையணை உறைகள். ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் அழகாகவே இருந்தது. ஆனால் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் வைத்தவுடன் அவை பேச்சு மறந்து நின்றன. தூணின் தேய்மானத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பலகையின் தேய்மானத்துக்குக் காரணம் இல்லை. உண்மையான வேலையால் தேய்ந்த பொருள் ஒரே இடத்தில்தான் தேயும், கை படும் இடம், கயிறு உராயும் இடம், கால் மிதிக்கும் இடம். பொய்யாகத் தேய்க்கப்பட்ட பொருள் எல்லா மூலையிலும் சமமாகத் தேய்ந்திருக்கும். இந்த ஒரு வேறுபாடு கண்ணில் பட்ட பிறகு, வாங்கியவற்றை ஒவ்வொன்றாக வெளியேற்றிவிட்டேன். வாளி ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதில் அடுப்புச் சாம்பல் அள்ளுகிறோம்.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்றும் நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

மேற்கூரையின் கீழே ஐந்து பெரிய உத்தரங்கள் உண்டு. கரியும் தூசியும் ஒட்டடையும் படிந்து கறுத்துக் கிடந்தன. அவற்றைச் சுத்தம் செய்ய ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். அவர்கள் அழுத்தக் காற்றில் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். ஒரே காலைப்பொழுதில் முதல் உத்தரம் புதிய ரொட்டியின் நிறத்துக்கு மாறிவிட்டது. பார்க்க மிகத் துப்புரவாக இருந்தது. மாலையில் வேறு வேலையாக வந்த வயதான தச்சர் ஏணியில் ஏறி, அந்த உத்தரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு இறங்கி வந்து, "அம்மா, மற்ற நான்கையும் இவர்கள் கையில் கொடுக்காதீர்கள்" என்றார்.

"ஏன் ஐயா, அழுக்குதானே போயிற்று?" என்று கேட்டேன்.

"அழுக்கோடு எழுத்தும் போய்விட்டதே" என்றார்.

அவர் என்னை அடுத்த உத்தரத்தின் அடிக்கு அழைத்துப் போய், கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். நேராக வெளிச்சம் அடித்தபோது வெறும் கறுப்பு மரமாக இருந்தது, விளக்கு சாய்ந்ததும் பேசத் தொடங்கிவிட்டது. முதலில் தெரிந்தவை வாய்ச்சித் தடங்கள், சிறு சிறு குழிகளாக, ஒரே சாய்வில். செதுக்கியவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைக்கூட அவற்றிலிருந்து சொல்லலாம் என்றார். பிறகு, தூணும் உத்தரமும் சேரும் இடத்தில், உளியால் வெட்டிய நான்கு நேர்கோடுகள். எதிரே, தூணிலும் அதே நான்கு கோடுகள். அடுத்த சேர்க்கையில் ஐந்துக்கான குறி, இரண்டு கோடுகள் முனையில் கூடுவது போல.

அவை தச்சர்களின் எண்கள். இப்படிப்பட்ட கட்டடங்களின் மரச்சட்டம் முழுவதையும் முதலில் தச்சுக்களத்தில், தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு துளையும் அதற்குரிய முளைக்காகவே வெட்டப்பட்டது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது. எல்லாம் சரியாகப் பொருந்திய பிறகு எண் இட்டு, கழற்றி, வண்டியில் ஏற்றி, கட்ட வேண்டிய இடத்தில் மறுபடி எழுப்புவார்கள். உரோம எண்களைப் போலத்தான் குறிப்பார்கள். ஆனால் நான்கு என்பதற்கு ஐந்துக்கு முன்னால் ஒரு கோடு போடும் வழக்கத்தைத் தவிர்த்து, நான்கு கோடுகளையே வெட்டினார்கள். மரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் படித்தாலும் குழப்பம் வராது. மணல் அடித்த முதல் உத்தரத்திலும் அப்படி ஓர் எண் இருந்திருக்க வேண்டும். அது இப்போது இல்லை. மணல் மரத்தின் மென்மையான வரிகளை அரித்துவிட்டு, கெட்டியான வரிகளை மட்டும் முகடு முகடாக விட்டுவைத்திருக்கிறது. வாய்ச்சியின் ஒரு குழிகூட மிச்சமில்லை.

மற்ற நான்கு உத்தரங்களையும் நாங்களே சுத்தம் செய்தோம். மென்மையான தூரிகை, தூசி உறிஞ்சும் கருவி, பிசுக்கு இருந்த இடத்தில் பிழிந்த ஈரத்துணி. நான்கு வாரம் ஆயிற்று. மெருகு எண்ணெய் எதுவும் பூசவில்லை. அவை கறுப்பாகவே இருக்கின்றன. அந்தக் கறுப்புக்கு இணையான நிறம் எந்தச் சாயக்கடையிலும் கிடைக்காது.

பழைய கட்டடத்தைச் சுரண்டிப் புதிதாக்குவதை எதிர்த்து ஓர் இயக்கமே நடந்திருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் 1877ஆம் ஆண்டு வில்லியம் மாரிஸ் பழங்காலக் கட்டடங்களின் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். அந்தக் காலத்தில் தேவாலயங்களின் சுவர்ப்பூச்சை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, பழமையை மீட்டோம் என்று சொல்லிக்கொள்வது பெருகியிருந்தது. அதற்கு எதிராக எழுந்ததால் அந்தச் சங்கத்துக்குச் 'சுரண்டாதே சங்கம்' என்ற பொருளில் ஒரு செல்லப்பெயரே உண்டு. சங்கம் இன்றும் இயங்குகிறது. மாரிஸ் ஓவியர், கவிஞர், சுவர்த்தாள்களுக்குச் செடிகொடிகளை வரைந்து புகழ் பெற்றவர். அலங்காரத்தையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தொடாதே என்று சொன்னதில் எனக்குப் பெரிய ஆறுதல் கிடைத்தது. கிரேட் காக்ஸ்வெல் என்ற ஊரில் உள்ள நடுக்காலக் களஞ்சியம் அவர் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஒரு மடாலயத்துக்காகத் தானியம் சேர்த்து வைத்த வெறும் கொட்டகைதான் அது.

வெறும் கொட்டகை என்று எழுதிவிட்டேன், ஆனால் அவற்றின் அளவு மலைக்க வைப்பது. எசெக்ஸ் மாவட்டத்தில் கிரெஸ்சிங் டெம்பிள் என்ற இடத்தில் வாற்கோதுமைக்கு ஒன்று, கோதுமைக்கு ஒன்று என்று இரண்டு களஞ்சியங்கள் இருக்கின்றன. இரண்டும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, இரண்டும் இன்றும் நிற்கின்றன. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் 1420களில் கட்டிய களஞ்சியம், 60 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளம். ஜான் பெட்ஜமன் என்ற கவிஞர் அதை, மிடில்செக்ஸ் என்ற அந்த வட்டாரத்தின் பேராலயம் என்றார். அங்கெல்லாம் அலங்காரம் என்று யாரும் எதையும் செய்யவில்லை. கூரையின் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறதோ அந்த வழியெல்லாம் மரம் நிற்கிறது, அவ்வளவுதான். அண்ணாந்து பார்க்கிறவருக்கு அது போதும்.

எங்கள் கூரையின் உட்பகுதியை மூடித் தளம் போடாமல் நடுப்பகுதியைத் திறந்தே விட்டதும் அதனால்தான். இரண்டு அறைகள் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆனால் கொட்டகையின் உயரத்தை இரண்டாக வெட்டிவிட்டால், பிறகு எத்தனை பழைய விளக்குகளைத் தொங்கவிட்டாலும் அது கொட்டகையாகத் தெரியாது. இருபுறமும் மட்டும் பரண் போட்டுப் படுக்கையறை ஆக்கினோம். முன்பு வைக்கோல் போட்டு வைத்த பரண் அது. கைப்பிடிச் சுவருக்குப் பதிலாக ஒற்றைக் கம்பி வரிசை, கீழே இருந்து பார்க்கும்போது மறைக்காதபடி.

இன்னொரு கண்டுபிடிப்பும் உத்தரங்களில்தான். அவற்றில் இரண்டில் எதற்கும் பொருந்தாத வெற்றுத் துளைகள் இருந்தன. சதுரமாக வெட்டிய, ஆழமான துளைகள், அவற்றில் நுழைய வேண்டிய முளையும் இல்லை, எதிரே மரமும் இல்லை. வாங்கியபோது, "இதெல்லாம் பழைய கப்பலில் இருந்து எடுத்த மரம்" என்று பெருமையாகச் சொன்னார்கள். பழைய மரவீடு எதற்குப் போனாலும் இந்தக் கப்பல் கதை காத்திருக்கும். அதை நம்பவே எனக்கும் ஆசைதான். ஆனால் பெரும்பாலும் உண்மை அதைவிட எளிமையானது, இன்னொரு கட்டடத்தைப் பிரித்து எடுத்த மரம். நல்ல மரத்தை யாரும் எரிப்பதில்லை. வேறொரு கொட்டகையிலோ வீட்டிலோ உத்தரமாக இருந்தது இங்கே வந்து மறுபடி உத்தரம் ஆகியிருக்கிறது. எனக்குக் கப்பலைவிட இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது. அந்த வெற்றுத் துளைகளை அடைக்கச் சொன்னவர்கள் உண்டு. அடைக்கவில்லை. ஒன்றில் ஒரு சிறு விளக்கை உட்கார வைத்தோம், புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடாமல். மற்றொன்று வெறுமையாக இருக்கிறது.

இனி கதவுகள். எங்கள் களத்தின் இரண்டு பக்கமும் எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள். கதிர் ஏற்றிய வண்டி ஒரு வழியாக வந்து மறு வழியாகப் போகும் உயரம். வண்டிக்காக மட்டும் அவை அங்கே இல்லை. கதிரை அடித்த பிறகு இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டால் காற்று குறுக்கே பாயும். அந்தக் காற்றில் தூற்றினால் மணி காலடியில் விழும், பதர் பறந்து போகும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நாம் சொல்கிறோமே, அந்தக் காற்றைக் கூப்பிட்டு வரவழைக்கும் கட்டடக்கலை இது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த இரண்டு வாசல்களில் ஒன்றைச் சுவர் வைத்து அடைக்கும் திட்டத்தைக் கைவிட்டோம். இரண்டிலும் தரையிலிருந்து மேல்வரை கண்ணாடி பொருத்தினோம், சட்டங்கள் மெல்லியவை, மரநிறத்திலேயே. பழைய கதவுகளை எறியாமல் வெளிப்புறம் சுவரோடு திறந்த நிலையில் நிறுத்தி, கொண்டியும் நாதாங்கியும் மாட்டி வைத்திருக்கிறோம். வெயில் கடுமையான நாளில் அவற்றை இழுத்துச் சாத்திக்கொள்ளலாம். நூறாண்டுக் கதவு இப்போதும் கதவு வேலை பார்க்கிறது. கழற்றி உள்ளே கொண்டுவந்து சுவரில் சாய்த்துவைத்தால் அது படம்போல் ஆகியிருக்கும்.

தண்டவாளத்தில் தொங்கி நகரும் கதவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கொட்டகை வீடு என்றதும் எல்லார் மனத்திலும் முதலில் வருவது அதுதான். பார்க்க நன்றாக இருக்கும், இடத்தை அடைக்காது. ஆனால் அந்தக் கதவு சுவரோடு ஒட்டி அடையாது. சுற்றிலும் இடைவெளி இருந்தே தீரும். ஒலியும் வாடையும் தாராளமாகப் போய்வரும். சாமான் அறைக்கும் படிக்கும் மூலைக்கும் போடலாம். குளியலறைக்குப் போடாதீர்கள்.

உச்சிச் சுவரில், கூரை முனைக்குச் சற்றுக் கீழே, ஒரு சிறிய வட்டத் துளை இருக்கிறது. முதலில் கல் விழுந்து உண்டான ஓட்டை என்று நினைத்தேன். அது கூகை என்ற ஆந்தை வருவதற்காகவே விட்ட வழி. தானியம் இருந்தால் எலி வரும், எலி இருந்தால் கூகை வேண்டும். அதனால் கட்டும்போதே அதற்கு ஒரு வாசல் வைத்துக் கட்டினார்கள். பகைவனை அடிக்க நண்பனை அழைத்து வீட்டில் இடம் கொடுத்த அந்த முன்யோசனை எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் சலிப்பதில்லை. அந்தத் துளையின் உட்புறம் கண்ணாடி வைத்து அடைத்தோம். அதற்கு முன் கூகை எதுவும் குடியிருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டோம். இது நல்லெண்ணம் மட்டும் சார்ந்த விஷயம் இல்லை. எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டின் காட்டுயிர், நாட்டுப்புறச் சட்டப்படி கூடு கட்டியிருக்கும் கூகையைத் தொந்தரவு செய்வது குற்றம். வௌவால்களுக்கும் அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. அதே நாட்டில் 2014 முதல், முழுமையான திட்ட அனுமதிக்கு அலையாமல் வேளாண் கட்டடத்தை வீடாக மாற்ற ஓர் எளிய வழியும் இருக்கிறது, ஆனால் மரபுச்சின்னமாகப் பட்டியலிட்ட கட்டடங்களுக்கு அது பொருந்தாது. எந்த நாடாக இருந்தாலும் கொட்டகை வாங்குகிறவர்கள் சாயத்தின் நிறத்தைத் தீர்மானிப்பதற்கு முன்னால், அங்கே ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். எங்கள் தோட்டத்து மரத்தில் கூகைக்கு ஒரு பெட்டி மாட்டியிருக்கிறோம். மூன்றாம் ஆண்டு வந்தது.

சுவர்களில் நான் பட்டபாடு தனி. மாடுகள் நின்ற பக்கத்துச் சுவரில் இடுப்பளவு உயரம்வரை வெள்ளைப் பொடி பூத்துக்கொண்டே இருந்தது. துடைத்தால் போகும், மாதம் ஒன்று கழித்து மறுபடி பூக்கும். சாயம் அடித்தோம், உரிந்தது. சிமெண்ட் பூசினால் நிற்கும் என்றார்கள், ஒரு மூலையில் பூசிப் பார்த்தோம், அடுத்த குளிர்காலத்துக்குள் அது பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. காரணம் பிறகு விளங்கியது. தலைமுறை தலைமுறையாகச் சாணமும் கோமியமும் ஊறிய சுவர் அது. அவற்றிலிருந்து உண்டான உப்பு கல்லுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் உலரும்போது மேலே வந்து படிகமாகும், படிகம் பெருகும்போது பூச்சைத் தள்ளும். துப்பாக்கி மருந்துக்கு வேண்டிய வெடியுப்பை ஒரு காலத்தில் இப்படிப்பட்ட தொழுவத்து மண்ணையும் சுவரையும் சுரண்டித்தான் எடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனின் ஆட்கள் வந்து குதிரை லாயங்களின் தரையைத் தோண்டிக்கொண்டு போனார்கள். சுவர் பூத்துக் கொட்டுவதைப் பார்த்து எரிச்சல்பட்ட நான், அதைப் படித்தபின் அந்தச் சுவரை மரியாதையோடு பார்க்கத் தொடங்கினேன்.

சுண்ணாம்புக் காரைதான் தீர்வு. சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், சுண்ணாம்பு மூச்சு விட விடும். உப்பைப் பூச்சு வாங்கிக்கொள்ளும். சில ஆண்டுகளில் பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூச வேண்டும், கல் பிழைத்துக்கொள்ளும். அதன்மேல் சுண்ணாம்பு நீற்று வெள்ளை அடித்தோம், மெல்லியதாக, ஐந்து முறை. சுண்ணாம்பு வெள்ளைக்கு ஓர் ஆழம் உண்டு. காலையில் ஒரு வெள்ளை, மாலையில் வேறு வெள்ளை. பழைய வெள்ளை உரிந்த ஓரிடத்தில் அடுக்கடுக்காகப் பழைய பூச்சுகள் தெரிந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினேழுவரை எண்ண முடிந்தது. தொழுவம் நோயில்லாமல் இருக்க அவ்வப்போது வெள்ளை அடித்தவர்களின் கை அது. அந்தச் சிறிய இடத்தைப் பூசாமல் விட்டிருக்கிறோம், உள்ளங்கை அகலம்தான் இருக்கும்.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம். கொட்டகை முழுவதும் வளையங்கள், கொக்கிகள், அடித்து வளைத்த ஆணிகள். துருவைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்து, தேன்மெழுகு சூடாக்கித் தடவினால் கருநீலமாக ஒரு நிறம் வரும், பிறகு எளிதில் துரு ஏறாது. மாடு கட்டிய வளையங்களில் துண்டு தொங்குகிறது, தாம்புக் கொக்கியில் சட்டை தொங்குகிறது. வைக்கோல் ஏற்றிய கப்பி இன்னும் கூரை முகட்டில் இருக்கிறது. அதன் வழியாக ஒரு விளக்கின் கயிற்றை விட்டிருக்கிறோம். சாப்பாட்டு மேசைமேல் விளக்கை ஏற்றி இறக்கலாம். கயிறு உராயும் பள்ளத்திலேயே புதிய கயிறும் போகிறது. விளக்கை இறக்கும்போது அந்தக் கப்பி எழுப்பும் கீச்சொலியை நிறுத்த எண்ணெய் விடலாம். விடுவதில்லை.

வெளிப்புறப் பலகைகளுக்குச் சிவப்பு அடித்தோம். கொட்டகை என்றால் ஏன் சிவப்பு என்று கேட்பார்கள். மலிவு என்பதுதான் பதில். செம்மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் மரத்தைக் காக்கும் சாயம் கிடைத்துவிடும். சுவீடனில் ஃபாலுன் என்ற ஊரின் தாமிரச் சுரங்கக் கழிவிலிருந்து இதேபோல் ஒரு சிவப்பு வருகிறது. சுரங்கம் 1992இல் மூடியது, சாயம் இன்றும் தயாராகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஜெர்மானிய வழிவந்த உழவர்கள் சாயம் எட்டும் விலைக்கு வந்த 19ஆம் நூற்றாண்டில் இன்னொன்றும் செய்தார்கள். கொட்டகையின் முகப்பில் பெரிய வட்டங்களுக்குள் நட்சத்திரமும் இதழும் வரைந்தார்கள். அவை தீமையை விரட்டவா, வெறும் அழகுக்கா என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு முடியவில்லை. அழகுக்காகவே என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு நிறைவுதான். உழுது களைத்தவர் ஏணி வைத்து ஏறி, மாடு இருக்கும் கட்டடத்துக்கு ஒரு நட்சத்திரம் வரைந்திருக்கிறார்.

அதைப் போன்ற ஒன்று எங்கள் கொட்டகையிலும் இருந்தது, மிகச் சிறியதாக. பக்கக் கதவின் நிலைச்சட்டத்தில், ஆட்காட்டி விரல் நீளத்துக்குள், கவராயத்தால் கீறிய ஆறிதழ்ப் பூ. ஒரு வட்டம், அதன் விளிம்பில் இருந்தே ஆறு வில்கள். கவராயத்தின் விரிவை மாற்றாமலே போட்டுவிடலாம், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் போட்டுப் பார்த்ததுதான். பழைய கொட்டகைகளிலும் வீடுகளிலும் இது பரவலாகக் காணப்படுகிறது. கெட்டதை வாசலிலேயே நிறுத்தும் காப்புக் குறி என்பது பொதுவான கருத்து. 2016ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மரபுச்சின்னங்களைக் கவனிக்கும் அமைப்பு இவற்றைக் கண்டால் தெரிவிக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. கையில் கவராயம் இருந்த தச்சர்தான் போட்டிருக்க வேண்டும். ஓர் இதழ் மட்டும் கோணலாகப் போயிருக்கிறது, கவராயத்தின் கால் மரக்கணுவில் மோதி வழுக்கியிருக்கிறது. அந்த வழுக்கலைப் பார்க்கும்போதெல்லாம் யாரோ "ச்சு" என்று சொன்னது எனக்குக் கேட்கிறது.

வேறு கொட்டகைகளிலிருந்து எடுத்த பழைய மரத்தைப் புது வீட்டில் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. துளைகளைச் சுற்றி வெளிர்நிறப் புதுமாவு உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. சூடேற்றிப் பக்குவம் செய்த மரத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏற்றுமதி மரப்பெட்டிகளுக்கான பன்னாட்டு விதியில், மரத்தின் நடுப்பகுதியே 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறார்கள், அது நல்ல அடையாளம். பழைய சாயம் ஒட்டிய பலகையாக இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுச் சாயத்தில் ஈயத்தைத் தடைசெய்ததே 1978இல்தான். அந்தச் சாயத்தை உலர்நிலையில் ஒருபோதும் தேய்க்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் நிச்சயமாக வேண்டாம். ரம்பத் தடங்களையும் பாருங்கள். நேராகவும் ஒழுங்கில்லாமலும் இருந்தால் பள்ளத்தில் ஒருவரும் மேலே ஒருவருமாக நின்று கையால் அறுத்த மரம். வில் வளைவாக இருந்தால் வட்ட ரம்பம், பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிறகோ.

தலையணை, விரிப்பு, திரைச்சீலை பற்றி எழுதச் சொல்லிக் கேட்டவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. கம்பளி, பருத்தி, சணல், எதுவானாலும் சரி, நிறம் சுவரோடு சண்டை போடாமல் இருந்தால் போதும். விளக்குகளை மட்டும் யோசித்து வையுங்கள். மேலிருந்து நேராக அடிக்கும் வெளிச்சம் பழைய மரத்தைத் தட்டையாக்கிவிடும். அன்று தச்சர் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தாரே, அதே சாய்வில் சுவரோரமாகவும் உத்தரத்தின் மேலிருந்தும் விளக்கு அமைத்தோம். இரவில் வாய்ச்சித் தடங்கள் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கின்றன.

மணல் அடித்த முதல் உத்தரத்தின் மேல் விளக்கு வைக்கவில்லை. அதன் நிறம் மெல்லக் கறுத்து வருகிறது, மற்ற நான்கையும் எட்ட என் காலத்துக்குள் முடியாது.

காற்று பலமாக இருக்கும் நாள்களில் இரண்டு பக்கத்துக் கண்ணாடிக் கதவுகளையும் திறந்துவிடுவோம். பழைய வழியிலேயே காற்று களத்தின் குறுக்கே பாயும். அப்போது உத்தரத்தின் இடுக்கிலிருந்து ஏதோ ஒன்று சுழன்று சுழன்று இறங்கும். சென்ற வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் தட்டின் ஓரத்தில் வந்து விழுந்தது. விரல்நுனியில் ஒற்றி எடுத்து விளக்கடியில் பார்த்தேன். நெட்டையான மஞ்சள் உமி, நுனியில் முறிந்த கூர் ஒன்று. கடைசியாக அங்கே தூற்றியவர்களின் பதர். ஏழு ஆண்டுகளாகப் பெருக்கியும் இன்னும் தீரவில்லை.